திரும்பி வராத பக்கம்

கல்விப் பிரிவின் கையேட்டம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். தொலைபேசி அடித்தால் பயம். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்து இரண்டு வருடமாகக் கட்டிலோடு கிடக்கும் அவள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "அந்தப் பூட்டை விடு. ஒருநாள் கையோட கழண்டு வந்துடப்போகுது."

அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் கையேட்டைத் தொகுப்பது அவள் வேலை. எந்தத் துறையில் என்ன படிப்பு, எத்தனை இடம், எந்த அறை, விடுதிக் கதவை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள், நூலகத்தில் எத்தனை புத்தகம் தருவார்கள், எதற்கு எது கடைசித் தேதி என்று நூற்று அறுபது பக்கம். இருபத்தொரு வருடமாக அதையே செய்ததில் பெயர் போய்க் கையேட்டம்மா என்பதே நிலைத்துவிட்டது. பக்க எண்ணைச் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள்.

கையேடு தயாராகும் விதம் இது. பழைய கையேட்டைப் பக்கம் பக்கமாகப் பிரிப்பாள். ஒவ்வொரு துறைக்கும் அதனதன் பக்கத்தை உறையில் போட்டு அலுவலக உதவியாளரிடம் கொடுத்து அனுப்புவாள். துறைத் தலைவர் திருத்தம் இருந்தால் திருத்தி, இல்லாவிட்டால் ஓரத்தில் சுருக்கொப்பம், அதாவது இனிஷியல், மட்டும் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பேராசிரியர்கள் பெரிய பெரிய விஷயங்களை யோசிக்கிறவர்கள். உறையெல்லாம் அவர்கள் கண்ணில் படுமா? பாதி உறை வரவே வராது. அதனால் யார் காலத்திலோ ஒரு வழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. குறித்த நாளுக்குள் சுருக்கொப்பத்தோடு திரும்பி வராத பக்கம், மாற்றமில்லாத பக்கம். எங்கேயும் எழுதிவைக்காத விதி. ஆனால் அதை நம்பித்தான் கையேடு வருடம் தவறாமல் அச்சானது.

வரைபடவியல் துறையில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் ஒரே ஒரு பேராசிரியர். போன வருடம் அவரும் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவுக்குக் கையேட்டம்மாவும் போயிருந்தாள். இரண்டு பிஸ்கட் தின்று, தேநீர் குடித்து, எல்லோரோடும் சேர்ந்து கை தட்டிவிட்டுத்தான் வந்தாள். மறுநாள் துறையைப் பூட்டிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து உறைகள் போனபோது வரைபடவியலுக்கும் ஓர் உறை போனது. அலுவலக உதவியாளர் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். உறையின் மேல் பென்சிலால், 'துறை பூட்டியிருக்கிறது. வாங்க ஆளில்லை' என்று எழுதியிருந்தார்.

கையேட்டம்மா உறையைப் புரட்டினாள். சுருக்கொப்பம் இல்லை. அப்படியானால் திரும்பி வராத பக்கம். அப்படியானால் மாற்றமில்லை. உறையை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். மூடிப்போன துறை எப்படி எழுதி அனுப்பும், நான் மூடிவிட்டேன் என்று? அதை அவள் யோசிக்கவில்லை. இருபத்தொரு வருடம் ஒரே வேலையைச் செய்தால் கைதான் வேலை செய்கிறது, தலை வேறெங்கோ இருக்கிறது.

கையேடு வந்தது. நாற்பத்தேழாம் பக்கம்: வரைபடவியல், முதுநிலை, இரண்டாண்டு, பத்து இடம், மூன்றாம் மாடி, அறை ஒன்பது. பத்து இடத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. சேர்க்கைப் பிரிவுக்காரர்கள் நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்துச் சேர்க்கைக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்குக் கையேடுதான் வேதம்.

வகுப்பு தொடங்கிய அன்று காலை அந்தப் பெண் கல்விப் பிரிவுக்கு வந்து நின்றாள். தோளில் நீளமான வரைபடக் குழல், கையில் துணிப்பை. நில அளவை அலுவலகம் ஒன்றில் நாலு வருடம் வேலை பார்த்தவளாம்; படிப்பதற்காக வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"நாலு வருஷமா டேப்போட ஒரு முனையைப் பிடிச்சுட்டு நின்னேன் மேடம். கோடு போடறது எப்பவும் வேற யாரோ. இனிமே நானே போடலாம்னு வந்தேன்" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "துறை எங்க மேடம்? மூணாவது மாடியில எல்லாம் பூட்டியிருக்கே?"

கையேட்டம்மாவுக்கு நாற்பத்தேழாம் பக்கம், உறை, பென்சில் எழுத்து, பிஸ்கட் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்தன. அதோடு பதிவாளரின் குரலும் வந்தது. மூன்று வருடம் முன்பு தேர்வுத் தேதி ஒன்றைத் தவறாக அச்சிட்டு, இருபது பேர் தேர்வைத் தவறவிட்டபோது அவர் சொன்னது: "இன்னொரு தடவை இப்படி நடந்தா நீங்க கையேடு போட வேண்டாம், வீட்டுல உக்காந்து ஓய்வெடுக்கலாம்." வீட்டில் ஏற்கெனவே ஒருவர் ஓய்வில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறாள்.

"சார் லீவுல இருக்காரு" என்று அவள் வாய் சொன்னது. "வந்துடுவாரு. நீ போய் கிளாஸ்ல உக்காரும்மா. வாட்ச்மேன்கிட்ட சொல்லிச் சாவி வாங்கித் தரேன்."

பொய் சொல்வதில் ஒரு சிரமம் உண்டு. ஒருதரம் சொன்னால் முடியாது. தினமும் அதற்குச் சோறு போட வேண்டும். மறுநாளும் ஒன்பது மணிக்கு அந்தப் பெண் வந்தாள். "சார் வந்துட்டாரா மேடம்?" "இந்த வாரத்துக்குள்ள வந்துடுவாரு." அதற்கு மறுநாளும் வந்தாள். சாப்பாடு இறங்கவில்லை கையேட்டம்மாவுக்கு. யாராவது காகிதத்தோடு பிரிவுக்குள் நுழைந்தால் அது தன்னைப் பற்றிய காகிதம்தான் என்று கைகால் ஓடாமல் நின்றாள். பிரிவின் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் துணிந்து அவர் மேஜை முன் போய் நின்றாள். எதையும் ஒத்திப்போடுவதால் அவரை எல்லோரும் 'அப்புறம் சார்' என்பார்கள்.

"சார், வரைபடவியல்ல ஒரு சிக்கல்…"

"அப்புறம் பாக்கலாம்மா."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இருக்கைக்குத் திரும்பிய பிறகுதான் அந்த 'அப்பாடா'வை நினைத்து வெட்கப்பட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மூன்றாம் மாடிக்குப் போனாள். நடைவழியில் ஈ காக்கை இல்லை. ஒன்பதாம் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெஞ்சுகளெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தன. கரும்பலகையில் அன்றைய தேதி. இரண்டாவது பெஞ்சில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பதினொரு மணி அடித்தது. அவள் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு வேறொரு நோட்டைத் திறந்தாள். கால அட்டவணைப்படி பாடம் மாறிவிட்டதாம்! கையேட்டம்மா பேய் பிசாசைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கி வந்தாள்.

இதில் தேதி ஒன்று இருந்தது. பன்னிரண்டாம் பக்கம்: வேறு படிப்புக்கு மாற விரும்புவோர் மாத முடிவுக்குள், மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதன் பிறகு ஏற்கப்படாது. ஒன்பதாம் பக்கம்: முதுநிலையில் சேர வயது வரம்பு இருபத்தாறு. அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்தாறு. இந்த வருடம் போனால் அவளுக்கு இங்கே படிப்பே இல்லை. பழைய அலுவலகத்தில் டேப்பைப் பிடிக்க வேறு ஆள் வந்துவிட்டார். இரண்டு பக்கத்தையும் தட்டச்சு செய்தவள் கையேட்டம்மாதான். மாறும் விண்ணப்பத்தில் ஆறாவது பத்தி வேறு இருந்தது: 'இப்போதைய படிப்பு நடைபெறவில்லை எனில் கல்விப் பிரிவின் சான்று.' அதில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டியவளும் அவள்தான். வைத்தால் அவள் தவறு அவள் கையாலேயே பதிவாளர் மேஜைக்குப் போகும்.

மாதத்தின் கடைசி நாளும் வந்தது. அன்றும் ஒன்பது மணிக்கு அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "சார்…?" கையேட்டம்மா தலையை நிமிர்த்தாமல், "வருவாரும்மா" என்றாள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் பிரிவு காலியானது. அவள் இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தாள். இந்த உறை இல்லாவிட்டால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பக்கம் திரும்பி வரவில்லை, வழக்கப்படி அச்சிட்டோம், அவ்வளவுதான். பழி யார் தலையிலும் விழாது. உறையின் மூலையைப் பிடித்துக் கிழித்தாள். ஒரு விரற்கடை கிழிந்திருக்கும், தொலைபேசி அலறியது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டுக்காரர்தான். "என் மாத்திரை டப்பாவை எங்க வச்ச?" என்றவர், உடனே "ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?" என்று கேட்டார்.

மூன்று வாரமாக யாரிடமும் சொல்லாதது அப்போது வந்துவிட்டது. "நடக்காத கிளாஸ்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்காங்க. என்னாலதான்." உறை, பக்கம், ஐந்து மணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ போய் எழுப்பிவிடு. உக்காந்தே இருந்தா முதுகு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

"வேலை போயிடும்ங்க."

பயம் அவருக்கும்தானே. ஆனாலும் சொன்னார்: "போனா போகட்டும். ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்து பூட்டை இழுத்து இழுத்துப் பாக்கலாம்."

அப்படியும் உடனே எழுந்துவிடவில்லை அவள். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டரை. மூன்றேகால். நாலரை அடித்தபோது மாறும் விண்ணப்பப் படிவத்தையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு படியேறினாள். மாடி வளைவில் ஒருதரம் நின்று திரும்பிவிடப் பார்த்தாள்.

அந்தப் பெண் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். வகுப்புக்குள் வந்தவர்களுக்கு எழுந்து நிற்பதுதானே முறை.

"இந்தத் துறை போன வருஷமே மூடியாச்சும்மா" என்றாள் கையேட்டம்மா. "சார் வரமாட்டாரு. நான் பொய் சொன்னேன். கையேட்டுல தப்பா போட்டது நான்தான்."

அழுவாள், கத்துவாள், நேரே பதிவாளரிடம் ஓடுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அந்தப் பெண் புத்தகத்தை மூடினாள்.

"தெரியும் மேடம். ரெண்டாவது நாளே வாட்ச்மேன் சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா தினமும் வந்து கேட்ட?"

"வெளிய சொன்னா சேர்க்கையையே ரத்து பண்ணி அனுப்பிடுவாங்கனு பயம் மேடம். திரும்பிப் போக எனக்கு வேலையும் இல்ல. நீங்க தினமும் வருவாரு வருவாருனு சொன்னீங்க. ஒருவேளை வேற யாரையாவது போடப்போறாங்களோனு நினைச்சுக்கிட்டேன். அதான் பாடத்தை விடாம உக்காந்திருந்தேன்." குரல் அப்போதுதான் உடைந்தது. "இன்னைக்குக் கடைசித் தேதினு தெரியும். காலையில உங்க முகத்தைப் பாத்துட்டு, கேக்கவே பயமா இருந்துச்சு."

ஒரே பயத்தை இரண்டு மாடியில் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேர் மூன்று வாரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஆறுதல் சொல்ல நேரமில்லை; தனக்கு அந்த யோக்கியதை இல்லை என்றும் கையேட்டம்மாவுக்குத் தோன்றியது. பெஞ்சின் மேல் படிவத்தை விரித்தாள். "புவியியல்ல ரெண்டு இடம் காலியா இருக்கு. வரைபடப் பாடம் அங்க ரெண்டு தாள் வரும், அம்பத்தொன்னாம் பக்கம். எழுதும்மா, சீக்கிரம்."

ஆறாவது பத்தியில் அவளே எழுதினாள்: 'இப்படிப்பு நடைபெறவில்லை. கையேட்டில் தவறாக அச்சிடப்பட்டது. தவறு என்னுடையது.' கையெழுத்துப் போட்டு முத்திரையை அழுத்தினாள். அவசரத்தில் முத்திரை இரட்டையாக விழுந்தது. இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவர் தடதடவென்று படியிறங்கி ஓடினார்கள். சேர்க்கைப் பிரிவுச் சாளரத்தில் இருந்தவர் ஆறாவது பத்தியைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகக் கையேட்டம்மாவைப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"மணியைப் போட்டு வாங்கிக்குங்க சார்."

அவர் நாலு ஐம்பத்திரண்டு என்று போட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அந்தப் பெண் வரைபடக் குழலைத் தூக்கிக்கொண்டு புவியியல் துறைக்குப் போனாள். அங்கே பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் கையேட்டம்மாவுக்கு மெமோ வந்தது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். அதற்குக் கீழே கடைசி வரி: 'குறித்த நாளுக்குள் பதில் வராவிடில், தங்களுக்குச் சொல்ல ஏதுமில்லை எனக் கொள்ளப்படும்.' அந்த வரி அவளுக்கு மனப்பாடம். எத்தனையோ பேருக்கு அவளே தட்டச்சு செய்திருக்கிறாள், வாசிக்காமலே.

விளக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதினாள். மூலை கிழிந்த உறையைப் பின்னால் இணைத்தாள். கிழித்தது யார் என்பதையும் எழுதினாள். அலுவலக உதவியாளர் வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தானே பதிவாளர் அறைக்கு நடந்தாள்.

"வச்சுட்டுப் போங்க" என்றார் பதிவாளர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "பாக்கறேன்."

"இல்ல சார். வந்து சேர்ந்துச்சுனு ஒரு சுருக்கொப்பம் போடுங்க. நிக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். இருபத்தொரு வருடத்தில் அந்த அறையில் அவள் இவ்வளவு நேரம் நின்றதில்லை. என்ன சொல்வார், என்ன செய்வார், மாத்திரைக்கு அடுத்த மாதம் என்ன வழி, எதுவும் தெரியவில்லை. அவர் மேஜையில் பேனாவைத் தேடினார். கையேட்டம்மா தன் பேனாவைத் திறந்து நீட்டினாள்.