முதலியார்பேட்டைச் சுவரில் ஏறிய பொட்டுகள்

திங்கட்கிழமை, காலை 5.40. செஞ்சி பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டிக்கெட் ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். இடது கையில் யாரும் இடித்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கம் நான் உட்கார்ந்துகொண்டேன்.

நாற்பது நாட்களுக்கு முன்னால் அம்மாவின் இடது மார்பை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். அதற்கு முன்பு ஆறு கீமோ. இனி மிச்சம் இருந்தது கதிர்வீச்சு ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் அதைக் 'கரண்டு வைப்பது' என்பார்கள். அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். கரும்பு வெட்டியும் களை எடுத்தும் அம்மா என்னைப் படிக்கவைத்தாள். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்.

திண்டிவனம் இருபத்தெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து புதுச்சேரி இன்னொரு முப்பத்தெட்டு. ஏழெட்டு மாதமாக இதே வழியில் வந்து போகிறோம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி அந்த ஊரில் ஒரு தெருவைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. காலையில் வந்து, ஊசி போட்டுக்கொண்டு, வாந்திக்கு ஒரு பையோடு மாலை வண்டி பிடிப்போம். எங்களுக்குத் தெரிந்த புதுச்சேரி அவ்வளவுதான்.

காலை 9.30. கதிர்வீச்சுக்கு அளவெடுக்க அம்மாவை ஸ்கேன் அறைக்குள் அழைத்துப் போனார்கள். பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். குறுகிய கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அங்கே இருந்த கம்பியைப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் கதிர் கையில் படாமல் மார்பில் மட்டும் படும். அம்மாவின் வலது கை கம்பியைப் பிடித்திருந்தது. இடது கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"ஆபரேஷன் முடிஞ்சு போறப்ப ஒரு பேப்பர் கொடுத்திருப்பாங்களே, எங்கே?"

இதற்குத்தான் காத்திருந்தவன்போல் கோப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பளபளவென்று இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன மறுநாளே செஞ்சி ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துவிட்டேன். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் எல்லாம் இருக்கும் கோப்பில், அவற்றுக்கு அடியில் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் தாள் என்றால் பத்திரப்படுத்த வேண்டிய பொருள். நனையக் கூடாது, மடங்கக் கூடாது, கை படக் கூடாது.

அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப பத்திரமா வச்சிருக்கீங்க. இதுல இருக்கறத ஒரு நாளாவது செஞ்சாங்களா?"

அதில் ஐந்து படங்கள் இருந்தன. ஒரு பெண் சுவரைப் பார்த்து நிற்கிறாள், விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்துகிறாள். நான் அதைப் படித்திருந்தேன், ஒரு எழுத்து விடாமல். ஆனால் தையல் பிரிந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. நாற்பது நாளும் அம்மாவின் தலையை நான்தான் துடைத்தேன், சொம்பை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கை அசையாமல் பார்த்துக்கொண்டது நான்தான்.

கதிர்வீச்சு டாக்டரம்மா அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுபடி அளவெடுக்க எழுதினார். "அதுக்குள்ள கை தலைக்கு மேல போகணும். ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட்டா இவ்வளவு தூரம் வந்ததுக்கே அர்த்தமில்லாம போயிடும்."

வெளியே போகுமுன் பல நாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "மேடம், அஞ்சு வருஷம் கழிச்சு நூத்துக்கு எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு போன்ல ஒரு நம்பர் போட்டிருக்கான். அது அம்மாவுக்கும் சரியா?"

"அது எந்த நாட்டுப் பெண்களைப் பாத்துப் போட்டது?"

"தெரியல மேடம்."

"நம்ம பக்கத்துல பல பேருக்கு இது கொஞ்சம் இளவயசுலயே வருது. வந்தாலும் கட்டி பெருசான பிறகுதான் எங்ககிட்ட வர்றாங்க. பாதியில நின்னுடறவங்க வேற இருக்காங்க. அந்த நம்பரை அப்படியே தூக்கி உங்கம்மா மேல வைக்க முடியாது. முழுசா முடிக்கறவங்க நல்லா இருக்கறத தினமும் பாக்கறேன். இப்போதைக்கு எனக்கு வேண்டிய நம்பர் ஒண்ணுதான். கை எவ்வளவு உயரம் போகுதுன்னு சொல்லுங்க."

பகல் 1.15. வாசலில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் குறைந்த வாடகைக்கு அறை கிடைக்குமா என்று கேட்டேன். பெயர் ஏழுமலை.

"எத்தினி நாளைக்கு?"

"பத்து நாள். அப்புறம் கரண்டு வைக்க மூணு வாரம்."

அவர் திரும்பி அம்மாவை ஒருமுறை பார்த்தார். "ஏறுங்க. எங்க வூட்டு முன் ரூம்பு அதுக்குன்னே கெடக்குது."

அம்மா என் காதருகே குனிந்தாள். "யார்ரா இவன், நேரா வூட்டுக்குக் கூப்புடறான்?"

"யம்மா, எனக்குக் காது கேக்குது. மில்லுல இருவது வருசம் தறி சத்தத்துல நின்னும் காது மட்டும் போவல. மில்லுதான் போயிடுச்சி."

ஏழு கிலோமீட்டர். நெல்லித்தோப்பைக் கடந்து, மூடிக் கிடக்கும் மில்லின் நீளமான மதிலை ஒட்டி முதலியார்பேட்டைக்குள் நுழைந்தோம். அறை பத்துக்குப் பத்து. ஒரு கட்டில், ஒரு பாய், ஒரு ஜன்னல். நாள் வாடகை இருநூற்றைம்பது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள். சிவப்பு, மெரூன், கறுப்பு, பாம்பு வடிவம், கல் வைத்தது. இடுப்பு உயரத்தில் தொடங்கி, செங்குத்து வரிசைகளாக மேலே போயின. குளியலறைக் கண்ணாடியில் பெண்கள் ஒட்டிவைப்பதுபோல யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மாலை 4.00. ஏழுமலையின் மனைவி அஞ்சலை பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன் விற்று முடித்து வந்தார். கடலோர ஊரில் பிறந்தவர், வயது நாற்பதுக்குள்தான். இடது கையில் மட்டும் ரப்பர் உறை. அதைக் கழற்றிக்கொண்டே அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம்க்கா?"

"எடது."

"எனக்கும் எடதுதான். ஏழு வருசம் ஆவுது. மீன் முள்ளு குத்தி கை வீங்கிடக் கூடாதுன்னு ஒறைய மாட்டிக்கச் சொன்னாங்க. மார்க்கெட்டுல எனக்கு டாக்டரம்மான்னே பேரு." எழுந்துபோய்ச் சுவரின் ஓரத்தில் இருந்த முதல் வரிசையைத் தொட்டுக் காட்டினார். "இது நான். வெரலு எது வரைக்கும் ஏறுதோ அங்க ஒரு பொட்டு. மறுநாளு அதுக்கு மேல ஒண்ணு. அப்புறம் இங்க வந்து தங்குனவங்க எல்லாம் ஒட்டினாங்க."

அவர் வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். மெரூன், உளுந்தூர்பேட்டை, போன தையில் மகளுக்குக் கல்யாணம் செய்தாள். கல் பொட்டு, காரைக்கால். வருடா வருடம் செக்கப்புக்கு வரும்போது இங்கேதான் சாப்பாடு. கறுப்பு, பண்ருட்டி, முந்திரித் தோப்பில் இப்போதும் வேலைக்குப் போகிறாள். படித்த காலம் முழுக்க எத்தனையோ சுவரொட்டிகளைப் படித்திருக்கிறேன். இப்படி ஒரு சுவரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பொட்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி, மூன்று விரல் இடைவெளி. ஒவ்வொன்றும் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிய ஒரு நாள்.

ஒரு பச்சை வரிசை மட்டும் நாலு பொட்டோடு நின்றிருந்தது.

"இது?"

"அவளா. வலிக்குதுன்னு ஊருக்குப் போயிட்டா. அப்புறம் வரல." நாலாவது பொட்டின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டுச் சொன்னார். "போன் பண்ணேன். அவ வூட்டுக்காரருதான் எடுத்தாரு."



அஞ்சலை ஒரு பொட்டு அட்டையை அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். பத்து வருடமாக அவள் பொட்டைத் தொட்டதில்லை.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம். நான் தாலி அறுத்தவ."

"செவுத்துலதானக்கா வைக்கச் சொன்னேன், நெத்தியிலயா வைக்கச் சொன்னேன்? செவுத்துக்கு இன்னா, புருசன் இருக்கறானா செத்தானான்னு கேக்கவா போவுது?"

அம்மா சிரித்துவிட்டாள். ஏழெட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். அன்று அவளுடைய முதல் சிவப்புப் பொட்டு அவள் மார்பு உயரத்தில் ஒட்டியது.

சனிக்கிழமை. ஐந்து நாளில் ஆறு விரல்தான் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் செய்கிறாள். ஆனாலும் அக்குளில் கயிற்றைக் கட்டி இழுப்பதுபோல் இருக்கிறது என்றாள். மாலையில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாடா, ஊருக்குப் போயிடலாம். அறுத்து எடுத்தாச்சி இல்ல, அது போதும்."

என் கண் பச்சை வரிசைக்குப் போனது. ஆனால் வாயில் வந்தது வேறு. "சரிம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம். நீ கைய எறக்கு" என்றேன்.

வாசலில் நின்ற அஞ்சலை என்னைப் பார்த்தார். "தம்பி, நானும் அஞ்சு நாளா பாக்கறேன். அக்கா மொகம் சுளிச்சா போதும், நீ ஓடிவந்து கை முட்டியப் புடிச்சி எறக்கி வுடறே. கைய எறக்கறது வலி இல்ல, நீதான். காலைல என்கூட மார்க்கெட்டுக்கு வா. ஆம்பளப் புள்ள இல்லாம அக்கா நிம்மதியா அழுது செய்யட்டும்."

ஞாயிறு, காலை 6.30. பெரிய மார்க்கெட். காய்கறி வரிசை, பூ வரிசை தாண்டி மீன் பகுதி. ஈரத் தரை, ஐஸ் பெட்டிகள், சுமை தூக்குபவர்களின் "வழி, வழி". வஞ்சிரமும் சங்கராவும் வரிசையாகக் கிடந்தன.

"டாக்டரம்மா, இன்னா இன்னைக்கு கம்பவுண்டரோட வர்றீங்க?" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

"படிச்ச புள்ளடி. மரியாதையா பேசு. வெலைய மட்டும் கொறைக்காத."

அஞ்சலை கடை போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே இருந்த கொக்கியில் தராசை மாட்ட, உறை போட்ட இடது கையை நேராக உயர்த்தினார். காது ஓரம் உரசிக்கொண்டு கை மேலே போனது. மாட்டிவிட்டு, தார்ப்பாய்க் கயிற்றை எட்டி இழுத்தார். வாய் அந்நேரம் யாரிடமோ சங்கராவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கையை நினைக்கக்கூட இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அதே கை இடுப்பு உயரத்தில் ஒரு பொட்டு ஒட்டியது. நான் ஐஸ் தண்ணீரில் கால் நனைய, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

பகல் 12.30க்கு அறைக்குத் திரும்பினோம். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. சுவரில் மூன்று புதுப் பொட்டுகள். மேலே இருந்தது அவள் நெற்றி உயரம்.

"ஒரே நாள்ல மூணா?" என்றேன்.

"நீ இல்ல, அதான்" என்றாள் அம்மா.

வியாழக்கிழமை, காலை 10.10. ஸ்கேன் அறைக் கதவு மூடியது. பத்து நிமிடம் ஆனது, திறக்கவில்லை. இருபது நிமிடம். போன முறை இந்நேரத்துக்குள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கோப்பைத் திறந்து மூடினேன். 10.45க்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வெளியே வந்தார்.

"கம்பியப் பிடிச்சுட்டாங்க. விடுங்கம்மான்னு சொன்னாலும் விட மாட்டேங்கறாங்க."

அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடங்கியது. பதினைந்து முறை, திங்கள் முதல் வெள்ளி வரை. உள்ளே இருப்பது சில நிமிடங்கள்தான். தோல் கருத்தது, களைப்பு வந்தது. ஒருநாள் மாலை ஏழுமலை எங்களைக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டார். அம்மா கடல் பார்த்தது அன்றுதான். கருங்கற்களில் அலை மோதுவதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணிய வச்சிக்கிட்டு நம்ம ஊருல ஒரு கரும்பு வெளைய மாட்டேங்குதே" என்றாள்.

கடைசி நாள், வெள்ளி. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்; ஐந்து வருடம், ஒரு நாளும் விடக் கூடாது. மூன்று மாதத்தில் மறுபடி வர வேண்டும். என் பழைய கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அம்மாவுக்கான அந்த எண் எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு சுவர்.

கிளம்பும்போது அம்மாவின் வரிசை அஞ்சலையின் வரிசையைவிட ஒரு விரல் உயரத்தில் நின்றது. "அக்கா நெட்டை, அதான்" என்று சொல்லி அஞ்சலை தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த பொட்டு அட்டையை அம்மா ஜன்னல் விளிம்பில் வைத்தாள், அடுத்து வருபவளுக்கு. லேமினேஷன் செய்த தாளை நான் அதன் பக்கத்தில் வைத்தேன்.

மாலை 5.20. வண்டியில் நிற்கத்தான் இடம். திண்டிவனம் வரைக்கும் யாரும் இறங்க மாட்டார்கள் என்றார் கண்டக்டர். வலது கையில் பை இருந்ததால், அம்மா இடது கையை உயர்த்தி மேல்கம்பியைப் பிடித்தாள். என் கை தன்னால் அவள் முழங்கையை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தினேன். அங்கிருந்து பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஓர் ஆள் எழுந்து இடம் கொடுத்தார். அம்மா தலையசைத்து மறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ ஒக்காரு. எனக்குக் கை எட்டுது."