ஷீட் கம்பெனி நெஞ்சுப் படங்கள்

எக்ஸ்ரே எடுப்பவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி "இன்னா சார் தெரியுது?" என்பதுதான், அவன் பதில் சொல்லக் கூடாத கேள்வியும் அதுதான். படம் எடுப்பது நம் வேலை, படிப்பது டாக்டர் வேலை. இருட்டறையில் கழுவிய ஈர பிலிமைக் கிளிப்பில் தொங்கவிட்டுப் பார்த்தவர்களுக்கு, தெரிந்தும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் சிரமத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டில் ஒரு தனியார் எக்ஸ்ரே சென்டரில் பதினாலு வருஷம் அந்த முகத்தோடு இருந்தேன்.

யாருடைய படம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வருஷத்துக்கு ஒருமுறை ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியின் வேன் எங்கள் சென்டருக்கு வரும். தொழிலாளர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்பார்கள். சிலர் புருவத்தில் அப்போதும் வெள்ளைத் தூசி இருக்கும். படத்தைக் கழுவிப் பார்த்தால் சிலருக்கு நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில், சுண்ணாம்பு தீற்றியது போலத் திட்டுகள். அது கேன்சர் இல்லை, ஆஸ்பெஸ்டாஸ் உள்ளே போயிருப்பதன் அடையாளம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

வந்தவர்களில் ஏகாம்பரம் என்பவர் மட்டும் ஒவ்வொரு வருஷமும் படத்தைக் காட்டச் சொல்வார். ஆஸ்பெஸ்டாஸ் நார் மூட்டையைக் கிழித்து மெஷினில் கொட்டும் வேலை அவருக்கு. நான் வேனோடு வந்த கம்பெனி கிளார்க்கைப் பார்ப்பேன். அவர் எல்லாப் படங்களையும் கவரில் அடுக்கிக்கொண்டே ஒருமுறை சொன்னார்: "படம் கம்பெனிக்குச் சொந்தம்ப்பா, நெஞ்சு மட்டும்தான் உனுக்குச் சொந்தம்."

ஆறு மாச மாத்திரை

சில வருஷம் கழித்து ஏகாம்பரம் வேனில் இல்லாமல், மனைவி தனத்தோடு பஸ்ஸில் வந்தார். கம்பெனி வேலையை விட்டாகிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வலது விலாவில் வலி. படத்தில் வலது பக்கம் பாதி நெஞ்சு வெள்ளையாக இருந்தது. நீர் கோத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் நெஞ்சில் நீர் என்றால் டிபி என்றுதான் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும் என்பதால், அவர் பார்த்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஊசி குத்தி நீரை எடுத்தார்கள். மூன்று வாரத்தில் மறுபடி சேர்ந்தது. மறுபடி எடுத்தார்கள். சளியிலும் நீரிலும் டிபி கிருமி ஒருதரமும் அகப்படவில்லை, ஆனாலும் மாத்திரை ஆறு மாசம் போனது. ஒவ்வொரு முறை நான் படம் எடுத்தபோதும் நீர் அதே மட்டத்தில் நின்றது. ஆள்தான் பாதியாகிக்கொண்டு வந்தார். மாத்திரை வேலை செய்யவில்லையா என்று அந்த டாக்டரின் கம்பவுண்டரிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "மாத்திரை சரியாத்தான் கீது சார், இந்தாளுக்குத்தான் டிபி இல்ல போல."

வேலை என்ன

சனிக்கிழமைகளில் மெட்ராஸிலிருந்து ஒரு லேடி டாக்டர் எங்கள் சென்டருக்கு வருவார். நெஞ்சு நோய் ஸ்பெஷலிஸ்ட். ஏகாம்பரத்தை அவரிடம் உட்காரவைத்தேன். படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை செய்றீங்க?"

"சும்மாத்தாம்மா கீறேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஷீட் கம்பெனி. இருவத்தாறு வருசம்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். பழைய படங்கள் உண்டா என்று என்னைக் கேட்டார். நல்ல படமெல்லாம் கம்பெனிக்குப் போய்விட்டது. ஆனால் எடுக்கும்போது யாராவது இருமி அசைந்துவிட்டால் படம் கலங்கிவிடும். அதை எங்களிடமே வைத்துக்கொண்டு வேறு எடுப்போம். அந்தக் கழிவுப் படக் கட்டுக்குள் தேடினேன். ஏகாம்பரம் இருமிக் கெடுத்த ஒரு படம் இருந்தது. கலங்கியிருந்தாலும் திட்டுகள் தெரிந்தன. சென்டர் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கவே அதை டாக்டரிடம் கொடுத்தேன்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். இந்தத் தூசி இருபது, முப்பது வருஷம் உள்ளே சும்மா கிடந்துவிட்டுப் பிறகு கேன்சராக வரலாம். நீரைப் பரிசோதித்தால் மட்டும் போதாது. விலா இடுக்கில் குழாய் விட்டு, உறையிலிருந்து சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏகாம்பரம் எல்லாம் கேட்டுவிட்டு எழுந்தார். "இத்தினி டாக்டருங்க பாத்தாங்கோ, வேல இன்னான்னு கேட்டது நீதாம்மா மொதல்ல."

பவுடர்

மெட்ராஸில் சதை எடுத்து அனுப்பி, ரிசல்ட் வர மூன்று வாரம் ஆனது. மீசோதீலியோமா. நுரையீரல் உறையில் வரும் கேன்சர். தனம், அறுத்து எடுத்துவிட முடியாதா என்று கேட்டார். கட்டியாக ஓரிடத்தில் இருந்தால் அறுக்கலாம், இது தோசை மாவு போல உறை முழுக்கப் பரவும் என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, உடம்பும் தாங்கினால் சிலருக்கு ஆபரேஷன் உண்டு. இவருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. டிரிப்ஸில் மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் அடங்கியிருக்கும், குணமாகாது. வலிக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம். எதையும் மறைக்காமல், மனைவியைத் தனியாகக் கூப்பிடாமல், ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

முதலில் நீரை நிறுத்த வேண்டும். முழுக்க வடித்துவிட்டு, உறையின் இரண்டு படலங்களுக்கு நடுவில் ஒரு பவுடரைத் தூவினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், நீர் சேர இடம் இருக்காது என்றார். ஏகாம்பரம் தன் கையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "பவுடரு உள்ள பூந்து வந்த நோவுக்கு, இன்னொரு பவுடரு தூவித்தான் மூடணுமாம்மா?"

பீடி

அந்தப் பவுடர் வேலை செய்தது. மாசக்கணக்கில் உட்கார்ந்தே தூங்கிய மனுஷன் படுத்துத் தூங்கினார். நாலு முறை டிரிப்ஸ் ஏற்றினார்கள். வாந்தியில் துவண்டார், பிறகு தேறினார். ஒருநாள் தனத்தோடு மாமல்லபுரம் போய் வறுத்த மீன் தின்றுவிட்டு வந்ததாகச் சொன்னார். ரிசல்ட் வந்து பதினோரு மாசம் உயிரோடு இருந்தார்.

டாக்டர் எழுதிய கடிதத்தையும் கலங்கிய படத்தையும் வைத்துத் தனம் கேஸ் போட்டார். ஏகாம்பரம் பீடி குடித்திருப்பார் என்றது கம்பெனி. அவர் பீடியைத் தொட்டதில்லை. தொட்டிருந்தாலும் இந்தக் கேன்சர் பீடியால் வருவதில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த வருஷம் கம்பெனி வேன் வரவில்லை. சென்டர் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஒண்ணாந்தேதியிலிருந்து வர வேண்டாம் என்றார். என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். "நீ எடுத்த படத்துல குத்தம் இல்லப்பா, எடுத்து வெச்ச படத்துலதான் குத்தம்."

தோச்ச துணி

திருக்கழுக்குன்றத்தில் வேறு சென்டரில் சேர்ந்தேன். ஒருநாள் தனம் சீட்டோடு வந்து நின்றார். இருபத்தாறு வருஷம் ஏகாம்பரத்தின் தூசி படிந்த காக்கிச் சட்டையை உதறிக் கல்லில் அடித்துத் தோய்த்தவர். அதைக் கேட்டுவிட்டு, ஒரு படம் எடுக்கச் சொல்லி அதே டாக்டர் அனுப்பியிருந்தார்.

படத்தைக் கழுவினேன். இரண்டு பக்கமும் திட்டுகள். இந்த முறை நான் முகத்தை மாற்றி வைத்துக்கொள்ளவில்லை, படத்தைத் தனத்திடம் காட்டினேன். அன்றைக்கு எங்கள் சென்டருக்கு வந்திருந்த அந்த டாக்டரும் சொன்னார்: இது கேன்சர் இல்லை, கேன்சராக வராமலே போகலாம். ஆனாலும் வருஷம் ஒரு படம் எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால், விலா வலித்தால் உடனே போய், எந்த டாக்டராக இருந்தாலும் புருஷன் ஷீட் கம்பெனியில் இருந்ததை முதலில் சொல்ல வேண்டும். தனம் கேட்டுக்கொண்டார். கேஸ் என்ன ஆயிற்று என்று வாசலில் கேட்டேன். வாய்தா மேல் வாய்தா, புருஷன் கேஸுக்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை என்றார். பிறகு படத்தைப் பையில் வைத்தபடி சொன்னார்: "அவரு கம்பெனில வேல செஞ்சாரு, கேக்கறதுக்குக் கம்பெனின்னு ஒண்ணு கீது. நான் வூட்ல துணி தோச்சேனே, நான் யாரப் போயி கேப்பேன்?"

ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடித்த இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத்தான் நமக்குச் சம்பளம், சொன்ன மாசத்தோடு அது நின்றுவிடும்.