கவர்னர் கறி

அழகருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்காரக் கவர்னரின் உத்தியோகக் கதையை இங்கிலீஷில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்.

சங்கரன்கோவிலிலிருந்து அவரும் ரமேஷ்பாபுவும் கொச்சிக்கு ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். பள்ளுருத்தியில் பன்னிரண்டு வருஷம் ஒரே அறை. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிட்டங்கி வெள்ளைக்காரர்களுக்கான ஓட்டலானபோது அழகர் சமையலில் சேர்ந்தார். காலேஜ் படித்த ரமேஷ்பாபு மேனேஜரானான்.

அம்மா பேச்சியின் பக்குவத்தில் அழகர் வைக்கும் எலும்புக் குழம்புக்கு அங்கே நல்ல கிராக்கி. ரமேஷ்பாபு அதற்குக் கவர்னர் கறி என்று பேர் வைத்தான்.

“பேச்சி குழம்புன்னா எவன் திம்பான் அண்ணாச்சி? இப்போதைக்கு இருக்கட்டும். அடுத்த மெனுவுல அம்மா பேரைப் போட்டுருவோம்.”

கவர்னர் ஹார்விக் துரையை எங்கிருந்து பிடித்தானோ. பதினேழு வயசில் மெட்ராஸில் குமாஸ்தா. பிறகு தின்னவேலியில் சப்-கலெக்டர், கொச்சினில் ரெண்டு வருஷம், கடைசியில் ஏதோ தீவுக்குக் கவர்னர். போன இடமெல்லாம் கறியும் கூடவே போனதாம். தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்த அந்த இங்கிலீஷை அழகர் வெள்ளைத் தொப்பியோடு மேஜை மேஜையாக ஒப்பித்தார். மூன்று மெனு அடித்தாயிற்று. பேச்சி வரவில்லை.

போன ஜனவரியில் லண்டன் பத்திரிகைக்காரி ஒருத்தி வந்தாள்.

“நீங்க அம்மாவைப் பத்தியே சொல்லுங்க அண்ணாச்சி. நான் அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுதேன். பேப்பர்ல வந்துட்டா முதலாளி மெனுவுல போடாம என்ன செய்வாரு?”

அழகர் சொன்னார். அப்பா இறந்தது, மூன்று பிள்ளைகள், கறிக்கடையில் கூட்டம் கலையும்வரை அம்மா ஓரமாக நின்று எலும்பு கேட்டு வாங்கியது. ரமேஷ்பாபு இங்கிலீஷில் ஆரம்பித்தான். மெட்ராஸ் என்று காதில் விழுந்தது. தின்னவேலி. கொச்சின். அடுத்து என்ன வரும் என்று அழகரின் வாய் தானாக முணுமுணுத்தது. அதுவே வந்தது.

“நோ மேடம். மதர். மை மதர். பேச்சி.”

அவள் ரமேஷ்பாபுவைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். அவள் நெஞ்சில் கைவைத்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற சங்கரிக்கு இங்கிலீஷ் தெரியும். அடுக்களைக்குள் வந்து கேட்டாள்: “சேட்டா, அந்தத் துரை உங்க ஆளுகளுக்கு அம்மை மாதிரின்னு நீங்க சொன்னதாத்தான் மேனேஜர் சொன்னாரு. நீங்க அப்படியா சொன்னீங்க?”

அழகர் தொப்பியைக் கழற்றிவிட்டு ரமேஷ்பாபு முன்னால் போய் நின்றார். “ஏலே, ஏம்ல இப்படிச் செஞ்சே?”

“முதலாளி பக்கத்து மேஜையில இருந்தாரு. என் நெலமையும் பாருங்க.” ரமேஷ்பாபு குரலைத் தாழ்த்தினான். “அம்மா செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு அண்ணாச்சி. அவங்களுக்குத் தெரியவா போவுது?”

மறுநாள் அழகர் ஓட்டலுக்குப் போகவில்லை. களமசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்தார். அங்கே எலும்புக் குழம்புக்குப் பேரே கிடையாது. “சேட்டா, கொறச்சு சாறு” என்று இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டுத் தட்டை நீட்டுவார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது.

“அண்ணாச்சி, கறி அந்தப் பக்குவத்துக்கு வரமாட்டேங்கு. மொதல்ல மல்லியை வறுக்கணுமா, தேங்காயையா?”

“துரைகிட்டக் கேளு.”

சொல்லிவிட்டார். போனை வைக்க வரவில்லை. அந்தப் பக்கம் ரமேஷ்பாபுவும் வைக்கவில்லை. தட்டுகள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.