அண்ணிக்கு எதிரே அண்ணி

எங்கள் வட்டாரத்தில் தொண்டு சங்கங்களுக்குக் குறைச்சலே இல்லை. ரத்ததானத்துக்கு ஒன்று, தெருநாய்களுக்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த ஒன்று. தலைவர்கள் தனித்தனி. வேலை பார்ப்பது மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், என் அண்ணி. ஊரே அவரைச் ‘சங்கக்கா’ என்றுதான் கூப்பிடும். இடுப்பில் கிலுகிலுக்கும் சாவிக்கொத்தை வைத்தே, அவர் மாடிப்படி ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் சொல்லிவிடுவேன்.

“வீட்டுக்கும் ஒரு சங்கம் ஆரம்பிச்சாத்தான் இவ இங்க தங்குவா” என்பார் அண்ணன்.

அண்ணியின் மகளுக்குத் தலைப்பிரசவம். அவள் இருப்பது தூரத்து ஊர். “ஒரு மாசம் கூட வந்து இரும்மா” என்று போனில் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அண்ணியும் ரயிலுக்கு டிக்கெட் போடுவார், ரத்து செய்வார். ஒரு தடவை நாய் குட்டி போட்டது. இன்னொரு தடவை முதியோர் இல்லத்துச் சமையல்காரர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைசியாகப் போட்ட டிக்கெட்டுக்கு அன்று சாயங்காலம் ரயில். காலையில் ஆய்வுக் கூட்டம்.

சங்கங்களுக்கு உதவும் அறக்கட்டளை, இவையெல்லாம் எவ்வளவு திடமாக இருக்கின்றன என்று பார்க்க ஓர் அம்மாவை அனுப்பியிருந்தது. சிரித்த முகம். “அன்றாட வேலை பாக்குறவங்க மட்டும் முன்னால வாங்க. ரெண்டு ரெண்டு சங்கமா எதிரெதிரே உக்காந்து மனசுவிட்டுப் பேசுங்க” என்றார். தலைவர்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் போய் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலி.

“உங்க ஜோடி எங்கம்மா?”

“நான் நாய்க் காப்பகம் மேடம். எதிர்ல வரவேண்டியது முதியோர் இல்லம். அதுவும் நான்தான்.”

“அப்ப நீங்களே பேசிக்குங்க” என்றார் ஆய்வம்மா விளையாட்டாக. அண்ணிக்கு வேலை என்றால் வேலை.

“உங்க இல்லம் எப்படிங்க போகுது?” என்று கேட்டார். எழுந்து எதிரே போய் உட்கார்ந்தார். “ஏதோ ஓடுதுங்க, ஒருத்திய நம்பி.” மறுபடி இந்தப் பக்கம். “அட, எங்க கதையும் அதேதான்! ஆள் எப்படி?” அந்தப் பக்கம். “வாய் ஜாஸ்தி. மத்தபடி தங்கம்.”

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மறுபடி இந்தப் பக்கம் வந்த அண்ணி கேட்டார்: “அவ ஒரு மாசம் ஊருக்குப் போனா என்ன பண்ணுவீங்க?”

பதில் சொல்ல அந்தப் பக்கம் போன அண்ணி, தான் எழுந்து வந்த காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

“இந்தாங்க தலைவரே, முதியோர் இல்லம். பால்காரர் விடியக்காலைல வருவாரு.”

“எனக்கு முதுகுவலிம்மா!”

“முதுகாலயா கதவத் திறக்கப் போறீங்க?”

நாய்க் காப்பகத்துச் சாவி, வேடிக்கை பார்க்க வந்த என் கையில் விழுந்தது. “அண்ணி, எனக்கு நாய்னாலே நடுக்கம்!”

“அதுங்களுக்கும் உன்னப் பாத்தா அப்படித்தான் தம்பி. சரியாப் போச்சு.”

அண்ணி ரயிலேறினார். பேத்தி பிறந்தாள். இங்கே ரத்ததானச் சங்கத் தலைவர் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்து, எழுந்து, மறுநாளும் வந்தார். முதல் வாரம் முழுக்க நான் காப்பகத்துக் கதவுக்கு வெளியே நின்றே சோற்றை உள்ளே தள்ளினேன். பிறகு ஒரு கிழட்டு நாய் என் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. என்னால் காலை எடுக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திரும்பிய அண்ணி, பெட்டியோடு நேரே என் கடைக்கு வந்து கையை நீட்டினார். “சாவி?”

“யாரும் தர மாட்டாங்களாம் அண்ணி. நானும்தான்.”

“நான் இல்லாம ஒரு சங்கம்கூடவா மூடல?” கோபமாகத்தான் கேட்டார்.

“ஒண்ணுகூட மூடல.”

முதலில் முறைத்தார். அப்புறம் கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கடை பெஞ்சில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனார். அண்ணி பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டேன்.