ஏழாம் நம்பர் பெட்டும் நசீமா டாக்டர் சீட்டும்

அந்த புதன்கெழம காலைல ஏழாம் நம்பர் பெட்டுக்கு கீழ கையவுட்டு மூத்திர பாட்டில எடுத்தேன். லேசா கீது. ஆட்டிப் பாத்தேன், சொட்டு கூட இல்ல. அந்த காலி பாட்டிலால என் வேல போவ இருந்துச்சி, ஒரு டாக்டரம்மாவோட படிப்பும் போவ இருந்துச்சி. ரெண்டும் போவல. நாங்க உடல, அதான் போவல.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்றேன், என் பேத்தி எழுதிகினு கீறா. "இதெல்லாமா எழுதணும்?"னு மூஞ்ச சுளிக்கிறா. எழுதுடி. மூத்திரம் பத்தி பேசாத ஆஸ்பத்திரி எங்கன்னா கீதா? வார்டு வேலைக்கு புதுசா வர்ற பொண்ணுங்களுக்குதான் இத்த சொல்றேன். ஆஸ்பத்திரி பேரு கேக்காதீங்க. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவுல கீது, அவ்ளோதான்.

1. இண்டர்வியூக்கு டீ கொண்டு போனேன்

என் பேரு தெய்வான. ஊடு நசரத்பேட்ட. ஆம்பளைங்க மெடிக்கல் வார்டுல ஆயா வேல. மெடிக்கல் வார்டுன்னா கத்தி எடுக்காத டாக்டருங்க வார்டு. நெஞ்சுவலி, சக்கர, மஞ்சகாமால, பாம்புகடி எல்லாத்தியும் தொட்டு பாத்து, தட்டி பாத்து, மருந்தாலயே சரி பண்ணுவாங்க. எம்பிபிஎஸ் முடிச்சவங்க பரீட்ச எழுதி, இண்டர்வியூல பாஸாயி, மூணு வருசம் வார்டுலயே கெடந்தாதான் அந்த ஜெனரல் மெடிசின் பட்டம். அவங்கள பி.ஜி.ன்னு கூப்புடுவோம். பேரு ஷோக்காதான் கீது. பாடு இன்னா தெரிமா? எங்க பாடேதான், தூக்கம் இன்னும் கம்மி.

அந்த வருசம் ரெண்டே சீட்டு. இண்டர்வியூ நடக்குற ரூமுக்கு டீ கொண்டு போன்னு என்னிய அனுப்பிட்டாங்க. வெளிய பெஞ்சில எல்லாரும் ஆம்பள பசங்க, கழுத்துல டை. ஓரமா ஒரே ஒரு பொண்ணு, தலைல முக்காடு, மடில பைலு. பக்கத்துல அவ அத்தா, அதான் அப்பாரு, பூந்தமல்லில தகரப் பொட்டி செய்றவரு. வெரலு பூரா வெட்டுக்காயம். "ஏம்மா, உள்ள ரொம்ப கஷ்டமா கேக்குறாங்களா?"ன்னு என்னிய போய் கேக்குறாரு. எனக்கு சிரிப்பு வந்துச்சி. "நானா பரீட்ச வெக்கிறேன் பாய்? நான் டீ"ன்னேன்.

நான் கிளாஸ எடுத்து வெச்சிகினு கீறப்போ அந்த பொண்ணு உள்ள வந்துச்சி. நடுவுல குந்திகினு கீறவரு சீஃப்பு. மெடிசின் டிபார்ட்மென்டுக்கே அவருதான் ராஜா.

"நசீமாவா? ஏம்மா, பொண்ணுங்களுக்குதான் பிரசவம் பாக்குற கைனிக் இருக்கு, குழந்தைங்க டிபார்ட்மென்ட் இருக்கு. மெடிசின்ல வந்து என்ன பண்ணப் போற?"

"மெடிசின் பண்ணப் போறேன் சார்."

பக்கத்துல கீற டாக்டரு இருமுறா மாதிரி சிரிச்சாரு.

"நாளைக்கு கல்யாணம் ஆகும். சீட்டு வேஸ்ட் ஆயிடும்."

"இங்க வேல பாக்குற எல்லா சாருக்கும் கல்யாணம் ஆயிருக்கு சார். எந்த சீட்டும் வேஸ்ட் ஆவலையே?"

நான் டீய மேசைல கொட்டிட்டேன். சீஃப்பு என்னிய மொறச்சாரு. அப்பால நோயப் பத்தி இங்கிலீசுல சரமாரியா கேள்வி. அந்த பொண்ணு ஒண்ணொண்ணுத்துக்கும் நின்னு நிதானமா பதில் சொல்லுது. எனக்கு ஒரு வார்த்த புரியல. ஆனா கேக்குறவரு கொரலு ஏறிகினே போவுது, சொல்றவ கொரலு ஏறவே இல்ல. அத்த பாத்தா தெரியாதா, யாரு ஜெயிக்கிறாங்கன்னு?

பரீட்சலயும் அதுக்குதான் மார்க்கு ஜாஸ்தியாம். சீட்ட குடுக்காம இருக்க முடில, குடுத்துட்டாங்க. சீஃப்புக்கு அது தொண்டைல மாட்டுன மீன்முள்ளு மாதிரி.

2. வழக்கம் போல

இப்போ எங்க தப்ப சொல்றேன். இத்த சொல்ல எனக்கு வெக்கம்தான், ஆனா சொல்லாம உட்டா கத இல்ல.

நோயாளி ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிச்சான், எவ்ளோ ஒண்ணுக்கு போனான்னு ஒரு சார்ட்டு, கட்டில் கால்மாட்டுல தொங்கும். காலைல ஆறு மணிக்கு நான் பாட்டில எல்லாம் எடுத்து பக்கெட்டுல ஊத்துவேன். பாட்டில் மேல கோடு போட்டுருக்கும், அத்த பாத்து அளவு சொல்லணும். ஸ்டெல்லா சிஸ்டரு மேசைல குந்திகினு கத்தும்.

"ஆயா, நாலு எவ்ளோ?"

"வழக்கம் போல!"

"அஞ்சு?"

"வழக்கம் போலதான் சிஸ்டர்!"

வழக்கம் போலன்னா ஆயிரத்து எரநூறு மில்லி. அது யாரு வெச்ச கணக்கோ, நான் வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே அப்டிதான். சிஸ்டரும் பாவம், முப்பது நோயாளிக்கு ஒத்த ஆளு. நானும் பாவம், முப்பது பாட்டிலு, முப்பது பெட்ஷீட்டு, எட்டு மணிக்குள்ள தர பளபளன்னு இருக்கணும். சீஃப்பு ரவுண்ட்ஸ்ல அந்த ஆயிரத்து எரநூற பாத்து தலைய ஆட்டிட்டு சைன் போடுவாரு. முப்பது ஆம்பள, முப்பது பேரும் அளந்து வெச்சா மாதிரி ஒரே அளவு போறாங்களே, இது எப்டின்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இப்போ நெனச்சா சிரிப்பா வருது.

3. கண்ணாடி விரியன்

திங்கக்கெழம ஒருத்தர தூக்கிகினு வந்தாங்க. குப்புசாமி, பாரிவாக்கம். ஏரிக்கரைல புல்லு அறுக்கப் போயி கண்ணாடி விரியன் கடிச்சிருக்குது. ஈறுல எல்லாம் ரத்தம். நசீமாம்மாதான் டூட்டி. பாட்டிலு பாட்டிலா விஷமுறிவு மருந்து ஏத்திச்சி, பக்கத்துலயே நின்னு. ராத்திரிக்குள்ள ரத்தம் நின்னு போச்சி. செவ்வாக்கெழம காலைல ஆளு எழுந்து குந்திகினு "இட்லி கெடைக்குமா?"ங்குறாரு.

அந்த காலைல நான் லேட்டு. பூந்தமல்லி பஸ்சு நெரிசல்ல செருப்பு அறுந்து போயி, ஒத்த செருப்போட வந்தேன். ஏழு, எட்டு, ஒம்போது மூணு பாட்டிலயும் ஒண்ணா பக்கெட்டுல கவுத்துட்டேன்.

"ஏழு எவ்ளோ?"

"வழக்கம் போல!"

சீஃப்பு ரவுண்ட்ஸ் வந்தாரு, சார்ட்ட பாத்தாரு. "கிட்னி நல்லா வேல செய்யுது. வியாழக்கெழம வீட்டுக்கு அனுப்பிடு"ன்னு சைன் போட்டாரு.

மறுநாளு புதன்கெழமதான் அந்த காலி பாட்டிலு. அத்த கைல புட்ச்சிகினு நிக்கிறப்போ முந்தின நாளு ஞாபகம் வந்துச்சி. நேத்தும் அது கனமா இல்லியே? வெரக்கட அளவு, காப்பி டிகாஷன் மாதிரி கறுப்பா கெடந்துச்சே? கண்ணு பாத்துச்சி, புத்தி பாக்கல.

நசீமாம்மா அப்போ குப்புசாமி கணுக்கால அமுக்கி பாத்துகினு கீது. அமுக்குன எடம் குழியா நிக்குது. ஆளுக்கு கண்ணு இமையெல்லாம் வீங்கி கீது, மேல்மூச்சு வாங்குது. அது சார்ட்ட பாக்குது, ஆள பாக்குது, மறுபடி சார்ட்ட பாக்குது.

"தெய்வானக்கா, இவரு நேத்து எவ்ளோ போனாரு?"

உண்மைய சொன்னா ஸ்டெல்லா சிஸ்டரு மாட்டும், நானும் மாட்டுவேன். ஊட்ல மூணு புள்ளைங்க.

"எனக்கு தெரியாதும்மா. நான் பாக்காமலே சொல்லிட்டேன். ஆனா இன்னிக்கி பாத்தேன். சொட்டு கூட இல்ல."

என்னிய திட்டும்னு நின்னேன். திட்டல. "மூத்திர டியூப் எடுத்துகினு வாங்க"ன்னுச்சி, அவ்ளோதான்.

குப்புசாமி போர்வைய கெட்டியா புட்ச்சிகினாரு. "வேணாம்மா, ஆம்பள டாக்டர வரச்சொல்லு."

"அண்ணே, பாம்பு ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துட்டா நீங்க கடி வாங்குனீங்க?"

பக்கத்து பெட்டுக்காரரு சிரிச்ச சிரிப்புல அவுரு குளுக்கோஸ் ஊசியே கழண்டுகிச்சி. டியூப்பு உள்ள போச்சி. மூத்திரப் பை நெறஞ்சி அடச்சிகினு இருந்தா கொடகொடன்னு வரணும். வந்தது ரெண்டு ஸ்பூனு, கறுப்பா. கிட்னி நின்னு போச்சின்னு எனக்கே தெரிஞ்சிச்சி.

4. ரவுண்ட்ஸ்

சீஃப்பு வந்தாரு. நசீமாம்மா சொல்லிச்சி. "சார், ஏழாம் நம்பருக்கு யூரின் இல்ல. ஜென்ரல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ரத்தம் கழுவுற மிஷின் அங்கதான் இருக்கு."

"சார்ட்டுல ஆயிரத்து எரநூறு இருக்கு. நானே சைன் போட்டிருக்கேன்."

"சார்ட்டு தப்பு சார்."

"யார் சொன்னா?"

"ஆயா பாத்துருக்காங்க."

கூட வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. சீஃப்பு சிரிக்கல. "ஆயா சொல்லி நான் மெடிசின் கத்துக்கணுமா? டியூப் அடச்சிருக்கும். பிளட் யூரியா ரிப்போர்ட் நாளைக்கு வரும், அப்ப பாக்கலாம். அதுவரைக்கும் இந்த ஆளு எங்கயும் போகக்கூடாது."

"நாளைக்கு வரைக்கும் தாங்குவாரா சார்?"

"இது என் வார்டு."

"நோயாளி என் நோயாளி சார்."

சீஃப்பு கோட்ட ஒதறிகினு போயிட்டாரு. அவுரு கண்ண உட்டு மறஞ்சதும் நசீமாம்மா மேசைல குந்தி லெட்டரு எழுதி, தன் பேர போட்டு சைன் போட்டுச்சி. ஆம்புலன்ஸ் டிரைவரு பயந்துகினு "பெரியவரு சைன் எங்க?"ன்னாரு. "பெரியவருக்கு கிட்னி நல்லா இருக்கு. வண்டிய எடுங்க"ன்னுச்சி. ஐயோ, எனக்கு வந்த சந்தோசம் இருக்கே! குப்புசாமி சம்சாரம் மட்டும் "எம் புருசன எங்க இட்டுகினு போறீங்க?"ன்னு வண்டிய மறிச்சிகினு ஒரே அழுவ. "உயிரு கீற எடத்துக்கு போவுது, ஏறு"ன்னு நான்தான் தள்ளி ஏத்துனேன்.

5. கைநாட்டு

வியாழக்கெழம ஆபீஸ் ரூமுக்கு கூப்ட்டாங்க. சீஃப்பு, டைப் அடிக்கிற கிளார்க்கு, ஓரமா நசீமாம்மா நிக்குது. ஒரு பேப்பர என் பக்கம் தள்ளுனாங்க. மைப் பொட்டிய தொறந்தே வெச்சிருக்காங்க.

"கைநாட்டு வை"ன்னாரு சீஃப்பு.

"படிச்சி காட்டுங்க சார்."

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"வெரலு என்னிதுதானே சார்?"

கிளார்க்கு படிச்சான். "ஏழாம் எண் நோயாளியைப் பற்றி ஆயா தெய்வானை இரண்டு நாளும் தவறான தகவல் கொடுத்தார். அதை நம்பி, பயிற்சி மருத்துவர் நசீமா மேலதிகாரியின் உத்தரவை மீறி நோயாளியை வெளியே அனுப்பினார்."

எனக்கு அப்பதான் புரிஞ்சிச்சி. என் வெரலு உயுந்தா, நான் ரெண்டு நாளும் பொய்க்காரி. நசீமாம்மா பொய்க்காரி பேச்ச கேட்டு நோயாளிய தொரத்துன டாக்டரு. அந்த ஒரு பேப்பரு போதும், சீட்டு காலி. மூணு வருச படிப்பு மொத வருசத்துலயே முடிஞ்சிடும்.

"ரெண்டு நாளு இல்ல சார், ஒரு நாளு. செவ்வாக்கெழம பாக்காம சொன்னேன். அது என் தப்பு, எழுதிக்கோங்க. புதன்கெழம பாத்துதான் சொன்னேன். அது நெஜம், அதையும் எழுதுங்க. ரெண்டும் இருந்தா ஒரு வெரலு இன்னா, பத்து வெரலும் வெக்கிறேன்."

"வேல போயிடும், தெரியுமா?"

"போவட்டும் சார். பெட்பேன் கழுவ ஆளு வேணாம்னு எந்த ஆஸ்பத்திரியாவது சொல்லுமா?"

நசீமாம்மா "அக்கா, வேணாம்..."னு வாய தொறந்துச்சி. "நீ சும்மா இரும்மா, இது எனக்கும் இவருக்கும்"னேன். அப்டி ஒரு தைரியம் எங்கேந்து வந்துச்சோ!

நசீமாம்மா கைல ஒரு பேப்பரு இருந்துச்சி, லேப்லேந்து அப்பதான் வந்த குப்புசாமியோட யூரியா ரிப்போர்ட்டு. கிட்னி நின்னா ரத்தத்துல அந்த நம்பரு எகிறிடும். அத்த மேசை மேல வெச்சிச்சி. சீஃப்பு எடுத்து பாத்தாரு. கண்ணாடிய கழட்டினாரு, தொடச்சாரு, மாட்டிகினு மறுபடியும் பாத்தாரு. நம்பரு மாறல போல.

கிளார்க்க பாத்து, "புதன்கெழமையையும் சேத்து அடிய்யா"ன்னாரு.

அடிச்சான். ரெண்டு வாட்டி படிக்க சொல்லி கேட்டேன். அப்பால அமுக்கி வெச்சேன் பாரு கட்ட வெரலு, பேப்பரு கிழியாத கொறதான்.

செவ்வாக்கெழமைக்கு எனக்கு பதினஞ்சி நாளு சஸ்பெண்ட். குடுத்தாங்க, வாங்கிகினேன். அது நியாயம். நசீமாம்மாவ ஒண்ணும் பண்ண முடில. சீஃப்பு மூணு வருசமும் மொகம் குடுத்து பேசல. அது பரீட்ச எழுதி பாஸ் பண்ணிட்டு போச்சி.

ஜென்ரல் ஆஸ்பத்திரில குப்புசாமிக்கு ரத்தம் கழுவி கழுவி மூணாவது வாரம்தான் கிட்னி தெறந்துச்சாம். நான் சஸ்பெண்ட் முடிஞ்சி வேலைக்கு வந்துட்டேன். அன்னிக்கி அவுரு சம்சாரம் ரெண்டு பஸ்சு மாறி எங்க வார்டுக்கு ஓடி வந்து, வாசல்லேந்தே கத்துது: "அக்கா! ஒண்ணுக்கு வந்துடுச்சிக்கா!" ரவுண்ட்ஸ் நடந்துகினு கீது. சீஃப்பு உட்பட எல்லாரும் திரும்பி பாக்குறாங்க. அந்த பொம்பளைக்கு ஒரு வெக்கமும் இல்ல. எனக்கும் இல்ல. ரெண்டு பேரும் வார்டு நடுவுல கட்டி புட்ச்சிகினு சிரிச்சோம்.

நசீமாம்மா போறதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணிச்சி. சார்ட்டுல அளவு எழுதுற எடத்துக்கு பக்கத்துல இன்னொரு கட்டம் போட வெச்சிச்சி: பாத்தவங்க பேரு. சும்மா வாயால சொன்னா பத்தாது, யாரு கண்ணு பாத்துச்சின்னு எழுதணும்.

அதனால பொண்ணுங்களா, பாத்தா பாத்தேன்னு சொல்லுங்க, பேரோட. பாக்கலியா, பாக்கலன்னு சொல்லுங்க, அதுக்கு திட்டு வாங்குங்க. பாத்தத்த பாக்கலன்னு சொல்ல வெக்க எவனாவது மைப் பொட்டிய தொறந்துகினு வந்தா, வெரல மடக்கிக்கோங்க. படிச்சவன் கையெழுத்த விட நம்ம கைநாட்டு ஒண்ணும் மட்டம் இல்ல.