ஸாஜிதாவின் முப்பது நோன்பு

நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. ஸாஜிதா அங்கேதான், ஓலைக் கொட்டிலில் பிறந்தாள். கொட்டில் கல்வீடாகி, சண்டையும் முடிந்து எட்டு வருடம் போன பிறகு அந்த வீட்டையே சீதனமாக எழுதி அவளுக்குக் கலியாணம் முடித்து வைத்தார்கள். மாப்பிள்ளை றிஸ்கான் கற்பிட்டிக்காரன், கட்டாரில் ஏசி திருத்துகிறவன். அவள் இரண்டு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது லீவு முடிந்து போய்விட்டான். மகள் அகீலா தை மாதம் பிறந்தாள்.

நாற்பது நாளும் உம்மா அலீமா அவளை அறையை விட்டு வெளியே விடவில்லை. பிள்ளை பெற்றவளுக்கென்று காயச் சரக்கு அரைத்த உருண்டை, நல்லெண்ணெயில் மிதக்கும் பூண்டுக் கறி, வாப்பா கரையிலிருந்து கொண்டுவரும் பால்சுறாவை உதிர்த்துப் பிரட்டியது என்று மூன்று நேரமும் பக்கத்தில் இருந்து தீற்றினாள். பால் வந்தது என்றால் அப்படி வந்தது. ஒரு பக்கம் பிள்ளை குடிக்கும்போது மறுபக்கம் சட்டை நனைந்தது. பிள்ளையும் கொழுத்தது, தாயும் கொழுத்தாள். கலியாணத்துக்கு முன் ஐம்பத்து மூன்று கிலோவாக இருந்தவள், நாற்பது கழிந்து கிளினிக்குக்குப் போனபோது எழுபத்திரண்டு.

றிஸ்கான் பகிடி விடும்வரை அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இமோவில் எடுத்தான். இவள் முகம் திரையில் தெரிந்ததும் சலாம் சொன்னான்.

“மாமி, சுகமா இரிக்கிறீங்களா? போனை ஸாஜிக்கிட்டக் குடுங்களேன்.”

“நான்தான்.”

“பகிடி விடாதீங்க மாமி. என்ட பொஞ்சாதி மெல்லிசு.”

அவனோடு அறையில் இருந்தவர்கள் சிரிப்பது கேட்டது. ஸாஜிதாவும் சிரித்தாள். போனை வைக்குமுன் அவன் குரலைத் தாழ்த்தி, “ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாறன். அதுக்குள்ள பழைய ஆளா வந்துரணும் என்ன?” என்றான்.

அடுத்த வெள்ளியிலிருந்து அவள் போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே மட்டும் பிடித்தாள்.

மாமியார் கமறியா மாதத்தில் இரண்டு தடவை பேத்தியைப் பார்க்க வருவாள். வந்ததும் கண் மருமகளின் இடுப்பில்தான் போய் நிற்கும். “நான் நாலு பெத்தன். பாரு, கலியாணத்துப் பாவாட இன்னமும் ஏறும். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஒண்டு பெத்தாலே கதிரை பத்துதில்ல.”

மிட்வைஃப் பவுலினா மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள். “பால் குடுக்கக் குடுக்கத் தன்ட பாட்டுல குறையும் தங்கச்சி. ஒம்பது மாசத்தில வெச்ச ஒடம்பு, எறங்கவும் ஒம்பது மாசம் குடுங்க. பட்டினி மட்டும் கிடந்துராதீங்க.” ஸாஜிதா விரல் மடித்துப் பார்த்தாள். ஒன்பது மாதம் என்றால் ஐப்பசி. றிஸ்கான் ஆவணியில் வருகிறான். பவுலினா தாய்க்கென்று தந்த திரிபோஷாச் சத்துமாப் பக்கற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். இராச் சோற்றைக் குறைத்துப் பார்த்தாள். உம்மா விடவில்லை, கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

பிள்ளைக்கு நாலு மாதமாகும்போது நோன்பு வந்தது. உம்மா அவளிடம் கேட்கவும் இல்லை. பகல் சமையலுக்கென்று ஒரு சுண்டு அரிசியைத் தனியாக எடுத்து வைத்தாள். பால் கொடுக்கிறவள் நோன்பை விடலாம், பிறகு முடிந்தபோது களாவாகப் பிடிக்கலாம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

“நானும் பிடிக்கப் போறன்,” என்றாள் ஸாஜிதா.

“உனக்கென்ன பைத்தியமா? புள்ளைக்குப் பால்?”

“எத்தினை பேர் பிடிக்கிறாங்க. முப்பதையும் பொறகு தனியக் கிடந்து பிடிக்க எனக்கேலாது உம்மா.”

உம்மா அந்தச் சுண்டு அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டினாள். இராச் சாப்பாட்டை மறுக்கிறவளைத் திட்டலாம். நோன்பாளியின் முன்னால் சோற்றுக் கோப்பையை நீட்ட முடியுமா? ஸாஜிதா அதை அறிந்துதான் பிடித்தாள்.

விடியுமுன் ஸஹரில் ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர். நிய்யத்தை வாயால் சரியாகத்தான் சொன்னாள், அல்லாஹ்வுக்காக என்று. நோன்பு திறக்க இரண்டு கரண்டி கஞ்சி. மிச்சம் கோழிகளுக்குப் போனது. பத்தாம் நோன்பன்று பழைய அபாயாவின் பக்கத் தையல் இழுபடாமல் இறங்கியது. அன்று மாமி சமோசாவோடு வந்திருந்தாள். இருவரும் தறாவீஹ் தொழுகைக்குப் போன இடத்தில் தெரிந்த பெண்களிடமெல்லாம் அவள் இதே கதை. “எங்கட மருமகளப் பாருங்க. பச்சப் புள்ளயோட ஒரு நோன்பு விட இல்ல.”

எங்கட மருமகள். அந்தச் சொல்லை ஸாஜிதா அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள். றிஸ்கானும் போனில் மாஷா அல்லாஹ் என்றான். அவள் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

பதினைந்துக்குப் பிறகு சட்டை நனைவது நின்றது. அகீலா நாலு இழுவை இழுத்துவிட்டுத் தலையை எறிந்து அழுதாள். வீதியில் போகிறவர்களுக்கும் கேட்கிற அழுகை. “வெக்கைக்கு அழுது,” என்றாள் ஸாஜிதா. கச்சான் காற்று கதவை அடித்துக்கொண்டிருந்த மாதத்தில் என்ன வெக்கை?

இருபத்திரண்டாம் நோன்பன்று கிளினிக். பவுலினா பிள்ளையை இரண்டு தடவை நிறுத்தாள். கிளினிக் புத்தகத்தில் மாதாமாதம் மேலே ஏறிய கோடு கீழே வளைந்தது.

“ஆறே காலில இருந்த புள்ள ஆறுக்கு வந்திரிக்கி. நீங்க என்ன சாப்பிடுறீங்க?”

பின்னால் வாங்கில் பத்துப் பெண்கள். “நோன்பு, மிஸ்.”

“உங்கட மார்க்கத்தை நான் கதைக்க வரல்ல. ஆனா உங்கட ஆக்கள்தான் எனக்குச் சொல்லித் தந்த, பால் குடுக்கிற தாய்க்குக் கட்டாயமில்லையெண்டு. இண்டைக்கே விடுங்க. சாப்பிடுங்க. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மார்பில போடுங்க, பால் திரும்பும். இன்னம் பிந்தினா என்னாலயும் ஒண்டும் சொல்லேலாது.”

பிறகு அவளையும் தராசில் ஏறச் சொன்னாள். அறுபத்து நாலு. அந்த எண்ணைப் பார்த்ததும் ஸாஜிதாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளையின் கோடு விழுந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. பின்னாளில் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோதும் இதை மட்டும் அவள் சொல்லவில்லை.

என்றாலும் நோன்பை விடும் எண்ணத்தோடுதான் வீட்டுக்கு வந்தாள். மாமி வந்து உட்கார்ந்திருந்தாள்.

“மிட்வைஃப் நோன்பை விடட்டாம் மாமி. புள்ள நிறை குறைஞ்சிட்டு.”

“அவ வேதக்காரி, அவக்கென்ன தெரியும்? இருவத்திரெண்டு பிடிச்சவளுக்கு எட்டு ஒரு பாரமா? நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிரிக்கன் புள்ள.”

அடுத்த நாளே மாமியோடு மாப்பால் டின்னும் சூப்பிப் போத்தலும் வந்தன. “பகலைக்கு இது. ராவைக்கு உன்ட பால்.”

“மதினி, ஆறு மாசமாகுமட்டும் தாய்ப்பால்தானே...” என்று உம்மா தொடங்கினாள்.

“றிஸ்கான் மாப்பாலில வளந்தவன். என்ன கொறஞ்சி போனான், சொல்லுங்க?”

மகனைப் பெற்றவளின் கேள்விக்கு மகளைப் பெற்றவள் என்ன சொல்வாள்? ஸாஜிதா சொல்லியிருக்கலாம். நான் மெலியத்தான் பிடிக்கிறேன் மாமி என்ற ஒரு வசனம் போதும். டின் அன்றே திரும்பிப் போயிருக்கும். சொல்லவில்லை. முப்பதையும் பிடித்து முடித்தாள்.

சூப்பியில் பால் இழுக்காமலே வருகிறது. நோன்புப் பெருநாளைக்குள் அகீலா அதற்குப் பழகிவிட்டாள். பெருநாளன்று மத்தியானமே ஸாஜிதா கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை மார்பில் போட்டாள். பிள்ளை வில்லாக வளைந்து கத்தியது. மூன்று வாரம் விடாமல் செய்தாள். கேட்டுக் கேட்டுப் பூண்டு தின்றாள். வாப்பா பால்சுறா தேடி உடப்புவரை போய்வந்தார். பவுலினா வீட்டுக்கே வந்து கையால் பிழிந்தெடுக்கப் பழக்கினாள்; கரண்டியின் அடி நனைகிற அளவுக்கு வந்தது, ஒரு நாள் அதுவும் வரவில்லை. மாப்பாலில் பிள்ளையின் கோடு ஏறிவிட்டது. அதனால் அந்த வீட்டில் அதைப் பற்றிக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

றிஸ்கான் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்க வந்தான். ஐம்பத்தெட்டுக் கிலோ மனைவியைப் பார்த்து, “இப்பதான் என்ட ஆள்,” என்றான். உண்மையாகவே மகிழ்ந்தான், அவனில் கள்ளம் இல்லை. பெருநாள் விருந்தில் சூப்பியைக் கண்டு யாரோ கேட்க, மாமி இறைச்சிக் கறியைப் பரிமாறிக்கொண்டே பதில் சொன்னாள். “இவக்குப் பாலில்ல. சில ஒடம்பு அப்பிடித்தான், அவவ என்ன குத்தம் சொல்ற?” பெண்கள் பாவம் பார்த்தார்கள். ஸாஜிதா தண்ணீர்க் கிளாசுகளை நிரப்பினாள்.

பெருநாள் கழிந்த அடுத்த வாரம், திங்கட்கிழமை, அவள் நோன்பு பிடித்தாள். செவ்வாயும் பிடித்தாள்.

“இது என்ன நோன்பு? நீதான் ஒண்டும் விடாமப் பிடிச்சியே,” என்றாள் உம்மா.

“அது ஒண்டும் நோன்பில சேராது உம்மா.” மெலியத்தான் பிடித்தாள் என்பதை அன்றுதான் அவள் உம்மாவிடம் சொன்னாள். உம்மா கேட்டுவிட்டு, அடுத்த ஸஹருக்குச் சோறும் கறியும் சுடச்சுட எடுத்து வைத்தாள். ஸாஜிதா வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஆலிமிடம் போய்க் கேட்கவில்லை. முப்பதையும் திரும்பப் பிடிப்பது என்று தானே முடிவெடுத்தாள்.

நாலாம் நாள் பகல் றிஸ்கானுக்குச் சோறு போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“நீ திங்கல்லியா?”

“நோன்பு.”

“இன்னமுமா? காணும் ஸாஜி, இதுக்கு மேல மெலிஞ்சா எலும்புதான் மிஞ்சும்.” சிரித்து, எச்சில் படாத இடது கையால் அவள் கன்னத்தைக் கிள்ளினான்.

உள்ளே பிள்ளை சிணுங்கியது. ஸாஜிதா எழும்பிப் போய்ச் சூப்பியைக் கலக்கிக்கொண்டு பிள்ளையோடு வந்தாள். அவன் கை கழுவும்வரை நின்று, இரண்டையும் அவனிடம் நீட்டினாள்.

“நீங்களே குடுங்க.”

“எனக்குத் தெரியாதே.”

“அதில தெரிய ஒண்டும் இல்ல.”

அவன் பயந்து பயந்து சூப்பியைச் சரித்தான். பத்து நாளைக்கு முன்வரை போனில் மட்டும் பார்த்த அந்த மனிதனின் மடியில், அகீலா முகத்தை நிமிர்த்தியும் பார்க்காமல் உறிஞ்சத் தொடங்கினாள்.