சுவருக்கு மேலே கருவாட்டுப் புகை

மாடி வீட்டில் யாரோ கருவாடு சுட்டார்கள்; நான் நேரே இலங்கையின் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்துக்கு, அறுபதுகளில் அங்கே நின்ற, இப்போது ஒரு கல்கூட மிஞ்சாத தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் போய்விட்டேன். குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்த ஒற்றை அறைதான் காம்பரா; காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரைவரை போகாது; அதனால் பக்கத்துக் காம்பரா ராமாயி சுடும் கருவாட்டுப் புகை அன்றாடம் எங்கள் பக்கம் இறங்கும், காய்ச்சலில் முனகிக்கொண்டு படுத்திருந்தாலும் என் அம்மாவைப் பெற்ற அம்மாயி விசுக்கென்று எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்து ராமாயியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள், அந்தப் பக்கமிருந்தும் குறைவில்லாமல் பதில் வரும்; எங்களுக்கு அதுதான் ரேடியோ.

அம்மாயி செத்த அன்று லயத்தில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. பிரேதம் கிடக்கும்போது மூட்டக்கூடாது. பெண்கள் ஒப்பாரியை எடுத்து இரண்டாவது அடிக்குப் போகவில்லை, சுவருக்கு மேலே கருவாட்டுப் புகை.

"எழவு வீட்டுக்குப் பக்கத்துல என்னா அத்தே இது?" என்று மாமா கத்தினார்.

"போடா," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே ராமாயியின் குரல் வந்தது. "இந்த வாசத்துக்கு அவ எந்திரிக்காம இருந்ததே இல்லடா."

ஒப்பாரி நின்றது. எல்லோரும் அம்மாயியைத் திரும்பிப் பார்த்தோம்.